இரண்டாவது வரி

அகில இந்தியப் பணி அலுவலர்கள் ஆண்டுதோறும் நிரப்பும் செயல்திறன் மதிப்பீட்டுப் படிவத்தில், அலுவலரே தன்னைப் பற்றி எழுத வேண்டிய பகுதியில் ஒரு கேள்வி வருகிறது. பயிற்சி மூலம் எந்தெந்தத் திறன்களை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறீர்கள்? பதில் எழுத இரண்டு இடங்கள் விட்டிருக்கிறார்கள். ஒன்று, இப்போது பார்க்கும் பொறுப்புக்கு. மற்றது, உங்கள் எதிர்காலப் பணிவாழ்வுக்கு. 2007-இல் வந்த மதிப்பீட்டு அறிக்கை விதிகளோடு சேர்ந்து வந்த படிவம் இது.

முதல் வரியை நிரப்புவதில் பெரிய சங்கடம் இல்லை. கணினிப் பயிற்சி, நிதி மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என்று பொருத்தமான ஒன்றை எழுதிவிடலாம். பேனா நிற்பது இரண்டாவது வரியில்தான். ஐந்து ஆண்டு கழித்து இன்ன இடத்தில் இருக்க ஆசைப்படுகிறேன் என்று எழுதினால், இப்போதைய வேலையில் மனம் ஒட்டவில்லை என்று எடுத்துக்கொள்வார்களோ? இன்னது எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால், அதே படிவத்தில் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடப் போகிறவருக்கு அது குறையாகத் தெரியுமோ? இந்தத் தயக்கத்தில் கை பொதுவான ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

வேலையில் இருக்கும் ஒருவர் தன் வளர்ச்சியைத் தானே திட்டமிட்டு, அதற்கு மேலதிகாரியின் துணையையும் பெறுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதே என் கேள்வி. பெரும்பாலும் அரசு அலுவலகத்தை வைத்தே பேசுகிறேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது அங்கேதான். ஆனால் கேள்வி அரசு அலுவலகத்தோடு நிற்பதில்லை. அதை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளிலும் தனியார் நிறுவனங்களிலும்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதும் நான் பார்த்ததும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன.

*

மேலதிகாரியோடு எதிர்காலம் பற்றிப் பேசும் பழக்கம் நம் அலுவலகங்களில் வளராததற்கு ஒரு வரலாறு உண்டு. மதிப்பீட்டு ஆவணத்தின் பழைய பெயரே அதைச் சொல்லிவிடும். ஆண்டு ரகசிய அறிக்கை. அலுவலகப் பேச்சில் சி.ஆர். ஒருவரைப் பற்றி எழுதுவதை அவரிடம் காட்டுவதில்லை. பாதகமான குறிப்பு இருந்தால் மட்டும் தெரிவிப்பார்கள். மற்றபடி அந்த உறை பூட்டிய அலமாரியில் இருக்கும். 'சி.ஆரில் கை வச்சிடுவார்' என்ற ஒரு வாக்கியம் போதும், ஒரு பிரிவே வாய் மூடிக்கொள்ள.

இந்த ஏற்பாடு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை தேவ்தத் வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் அவர் செயற்பொறியாளர். கண்காணிப்புப் பொறியாளராக உயர, கடைசி ஐந்து ஆண்டு அறிக்கைகளிலும் 'மிக நன்று' இருக்க வேண்டும். 1993-94-க்கான அறிக்கையில் அவருக்கு 'நன்று' என்று எழுதப்பட்டிருந்தது. 'நன்று' பாதகமான சொல் அல்ல என்பதால் அதை அவருக்குத் தெரிவிக்கவில்லை. பாதகமில்லாத அந்த ஒரு சொல்லே அவருடைய பதவி உயர்வை மறித்தது. 2008 மே 12 அன்று உச்ச நீதிமன்றம், எந்த மதிப்பீடாக இருந்தாலும் அதை உரியவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அடுத்த ஆண்டே, 2009 மே 14 அன்று, மத்தியப் பணியாளர் துறை முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. ஆவணத்தின் பெயரிலிருந்து 'ரகசிய' என்ற சொல்லும் போனது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, தேவ்தத் தீர்ப்பு சரியே என்று உறுதிசெய்தது.

இவை பெரிய மாற்றங்கள். ஆனால் இந்தத் தீர்ப்புகள் தந்தது, எழுதி முடித்ததைப் படிக்கும் உரிமை. எழுதுவதற்கு முன்பு உட்கார்ந்து பேசும் பழக்கத்தை எந்த நீதிமன்றமும் ஆணையிட்டுக் கொண்டுவர முடியாது. பழைய அச்சம் அப்படியே தங்கிவிட்டது. மேலதிகாரி இன்னமும் நம் மனத்தில் நீதிபதியாகவே இருக்கிறார். நீதிபதியிடம் போய் எனக்கு இன்னது தெரியாது, கற்றுக்கொடுங்கள் என்று கேட்பவர் யார்?

*

ஒரே நபர் தீர்ப்பும் சொல்லி வழியும் காட்ட முடியுமா என்ற கேள்வியை அமெரிக்காவில் 1950-களிலேயே எழுப்பினார்கள். டக்ளஸ் மெக்ரிகர் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மேலாளர்கள் மதிப்பீட்டு நேர்காணலைத் தள்ளிப்போடுவது சோம்பலால் அன்று, இன்னொரு மனிதரின் தகுதியை எடைபோட்டுச் சொல்வதில் அவர்களுக்கே மனம் ஒப்பவில்லை என்றார். ஊழியர் தன் இலக்கைத் தானே எழுதிக்கொண்டு வரட்டும், மேலாளர் அதைச் சேர்ந்து செதுக்கட்டும் என்பது அவர் சொன்ன மாற்று வழி.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நடந்து 1965-இல் வெளிவந்த ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஹெர்பர்ட் மேயர், இமானுவேல் கே, ஜான் ஃபிரெஞ்ச் மூவரும் மதிப்பீட்டு நேர்காணல்களைக் கவனித்து, பின்னர் அந்த ஊழியர்களின் வேலை எப்படி மாறியது என்றும் பார்த்தார்கள். குறை சொல்லச் சொல்ல, கேட்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் முனைந்தார். அதிகம் குறை கேட்டவர்கள் அந்த விஷயத்தில் முன்னேறவும் இல்லை. பாராட்டு பெரிய மாற்றம் எதையும் தரவில்லை. திட்டவட்டமான இலக்கைச் சேர்ந்து வைத்த இடத்தில்தான் வேலை மேம்பட்டது. ஒருவரின் வேலையை மேம்படுத்தப் பேசும் பேச்சில் சம்பளத்தையும் பதவி உயர்வையும் சேர்க்கக் கூடாது, இரண்டுக்கும் தனித்தனி நாள் வேண்டும் என்று அவர்கள் முடித்தார்கள்.

அறுபது ஆண்டு ஆகிவிட்டது. இன்னமும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஏப்ரலுக்கு முன்னால் நடக்கும் அப்ரைசல் பேச்சில் ரேட்டிங், ஊதிய உயர்வு, 'அடுத்த வருஷம் என்ன கத்துக்கப் போறீங்க' மூன்றையும் அரை மணி நேரத்தில் முடிக்கிறார்கள். ஊதிய உயர்வு எத்தனை சதவீதம் என்ற எண் காதில் விழுந்த பிறகு, கற்பது பற்றி மேலாளர் சொல்லும் எதுவும் உள்ளே போவதில்லை. அது கேட்பவரின் தவறும் இல்லை.

1996-இல் அவ்ரஹம் குளூகர், ஆஞ்சலோ டெனிசி இருவரும், பின்னூட்டம் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, 600-க்கும் மேற்பட்ட அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பின்னூட்டம் சராசரியில் பயன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் அது வேலையைக் கெடுத்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பத் திரும்ப அதன் பலன் குறைந்தது. 'இந்தக் குறிப்புரையில் முன்னிகழ்வு விடுபட்டிருக்கிறது' என்று சொன்னால் அடுத்த குறிப்புரை சரியாக வரும். 'உனக்கு எழுதவே வராது' என்றால் அடுத்த குறிப்புரையே மேசைக்கு வராது.

*

இனி என் கதை. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதியை எழுத எனக்கு வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த மாவட்ட அலுவலகத்தில் எனக்குத் தந்தது தபால் சீட். வரும் கடிதங்களுக்கு எண் போட்டுப் பிரிவுகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். போகும் கடிதங்களை அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றி, உறையிட்டு, வில்லை ஒட்ட வேண்டும். கையெழுத்து நன்றாக இருந்தது, பதிவேடு சுத்தமாக இருந்தது, ஒரு தபாலும் தவறவில்லை. அதனாலேயே நான்கு ஆண்டு அதே நாற்காலியில் இருந்தேன். 'தபால் சீட்டுல பொண்ணு நல்லா பாக்குது, மாத்திடாதீங்க' என்று அப்போதைய கண்காணிப்பாளர் சொன்னதைக் கேட்டபோது பெருமையாகவும் இருந்தது.

அரசு ஊழியர்களுக்குத் துறைத் தேர்வு என்றால் என்னவென்று தெரியும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே மாதமும் டிசம்பர் மாதமும் நடத்துவது. பல துறைகளில் அந்தத் தேர்வுகளை முடிக்காமல் உதவியாளர் பட்டியலில் பெயர் ஏறாது. அதில் பலரைத் தடுக்கி விழவைப்பது சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். நிதி விதித்தொகுப்பு, கருவூல விதித்தொகுப்பு, அடிப்படை விதிகள் எல்லாம் மேசை மேல் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால், இதில் தோற்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

நான் இரண்டு முறை தோற்றேன். மாலை வகுப்புக்குப் போனேன், குறிப்பேடு நிறைய எழுதினேன், விதிப் புத்தகங்களில் வண்ணக் காகிதம் ஒட்டி அடையாளம் வைத்தேன். ஆனால் ஊதிய நிர்ணயம் பற்றிக் கேள்வி வந்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று கை தடுமாறியது. புத்தகம் எதிரில் இருந்தது. எந்தக் கேள்விக்கு அது பதில் சொல்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஒரு சம்பளப் பட்டியலைக்கூட என் கையால் நான் தயாரித்ததில்லை.

அப்போது புதிதாக மாறுதலில் வந்த கண்காணிப்பாளர் ஒருநாள் மதியம், தபால் குறைந்த நேரத்தில், என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, அக்கவுண்ட் டெஸ்ட் இன்னும் முடிக்கலையா?"

"ரெண்டு தடவ எழுதிட்டேன் சார். நேரம் பத்தல."

"நேரமா பத்தல? எந்த பில்லாச்சும் போட்டிருக்கியா இதுக்கு முன்ன?"

"இல்ல சார்."

"அப்ப எப்படிம்மா வரும்?"

அவ்வளவுதான் பேச்சு. என்னை எடைபோடும் ஒரு சொல்கூட அதில் இல்லை. அடுத்த மாதம் முதல், காலையில் தபாலை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் பில் சீட்டில் இருந்த மூத்த உதவியாளருக்குத் துணையாக உட்காரச் சொன்னார். மாதத்தின் நடுவிலிருந்து சம்பளப் பட்டியல் வேலை சூடு பிடிக்கும். என்னிடம் முதலில் தந்தது ஒரு பொது வருங்கால வைப்பு நிதி முன்பணப் பட்டியல். போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் கருவூலத்திலிருந்து சிவப்பு மையில் ஆட்சேபம் எழுதித் திரும்பி வந்தது. அழுகை வந்துவிட்டது. கண்காணிப்பாளர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஆட்சேபம் எந்த விதில இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு எனக்குக் காட்டு, அப்புறம் திருத்தலாம்" என்றார். ஒரு மாலை முழுவதும் தேடினேன். கண்டுபிடித்த அந்த விதி எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்று இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு ஒருவருடைய ஊதிய உயர்வு, இன்னொருவருடைய ஈட்டிய விடுப்புச் சரண், பதவி உயர்வில் வந்த ஒருவருக்கு அடிப்படை விதி 22-இன்படி ஊதிய நிர்ணயம். ஒவ்வொன்றும் ஒரு தெரிந்த மனிதரின் பெயரோடு வந்தது. அடுத்த தேர்வில் கேள்வித்தாளைப் பார்த்தபோது, கேள்விகளுக்குப் பின்னால் எனக்கு ஆட்கள் தெரிந்தார்கள். தேறினேன்.

*

திமோதி பால்ட்வின், கெவின் ஃபோர்டு இருவரும் 1988-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பலமுறை எடுத்தாளப்பட்டது. பயிற்சியில் கற்றது வேலைக்கு வந்து சேர்வதற்கு மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். கற்பவரின் இயல்பு, பயிற்சியின் அமைப்பு, திரும்பிப் போகும் பணியிடத்தின் சூழல். மூன்றாவதில் முதன்மையாக வருவது மேலதிகாரியின் ஆதரவும், கற்றதைச் செய்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பும். என் மாலை வகுப்பில் முதல் இரண்டும் இருந்தன. பில் சீட் கிடைக்கும்வரை மூன்றாவது இல்லை.

அதே 1988-இல் மோர்கன் மெக்கால், மைக்கேல் லொம்பார்டோ, ஆன் மாரிசன் மூவரும் ஒரு நூல் எழுதினார்கள். 191 உயர் நிர்வாகிகளிடம், உங்களை மாற்றிய நிகழ்ச்சிகள் எவை என்று கேட்டுத் தொகுத்தது. சவாலான பொறுப்புகளும், நல்லவரோ கெட்டவரோ உடன் வேலை பார்த்த மேலதிகாரிகளும், விழுந்து எழுந்த அனுபவங்களும்தான் அதில் நிறைய வந்தன. வகுப்பறை சிறிதளவே வந்தது. இந்த ஆய்வு வழியில் பின்னாளில் முளைத்ததுதான் மனிதவளத் துறைகளில் அடிக்கடி காதில் விழும் 70:20:10 சூத்திரம். எழுபது பங்கு வேலையில், இருபது பங்கு பிறரிடம், பத்துப் பங்கு வகுப்பில். எனக்கு அந்த வட்ட எண்கள் மேல் நம்பிக்கை இல்லை. வெற்றி பெற்றவர்கள் தங்கள் நினைவிலிருந்து சொன்னதை வைத்து எழுந்த விகிதத்தை, தபால் சீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கோ வார்டில் இருக்கும் ஒரு செவிலியருக்கோ அளவுகோலாக வைக்க முடியாது. சில நிறுவனங்கள் பயிற்சிச் செலவைக் குறைக்க இந்தச் சூத்திரத்தைக் காட்டுவதும் நடக்கிறது. விகிதத்தை விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மேலதிகாரி கையில் இருக்கும் மிகப் பெரிய உதவி, யாருக்கு எந்த வேலையைத் தருவது என்ற முடிவு. நம் அலுவலக மொழியில் சொன்னால், சீட்.

ஆகவே பணி வளர்ச்சித் திட்டம் என்று ஒருவர் எழுதும் தாளில் வகுப்புகளின் பெயர் மட்டும் இருந்தால், அந்தத் திட்டத்தில் மேலதிகாரிக்கு வேலையே இல்லை. விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவர் பங்கு முடிந்துவிடும்.

*

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். என் முதல் கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. என்னை நான்கு ஆண்டு தபாலில் வைத்திருந்ததில் அவருக்கு ஒரு வன்மமும் கிடையாது. நான் நகர்ந்தால் அவர் பிரிவில் தபால் குழம்பும். அந்தக் குழப்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நான் தேறினால் அவருக்கு வரக்கூடிய நன்மை ஒன்றும் இல்லை.

பொருளாதார அறிஞர் இங்க்ரிட் ஹெகலே, ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் ஊழியர் பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். மேலாளர்களைக் குழுவின் செயல்திறனை வைத்து மதிப்பிடுவதால், திறமையானவர்களைத் தங்களிடமே பதுக்கி வைக்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது என்பது அவர் வாதம். அதை அளக்க அவர் கண்டுபிடித்த வழி அழகானது. மேலாளர் தானே வேறு இடத்துக்கு மாறப்போகும் நேரத்தில், ஆளைப் பிடித்துவைத்து அவருக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவருக்குக் கீழே இருப்பவர்கள் பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பது இரு மடங்குக்கும் மேலாகியது. அதே ஊழியர்கள், அதே திறமை. தடையாக இருந்த ஒரு கை தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இந்தப் பதுக்கல் பெண்களை இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறது என்றும் அவர் ஆய்வு காட்டுகிறது. 'பொண்ணு நல்லா பாக்குது, மாத்திடாதீங்க' என்ற அந்தப் பாராட்டை நான் இன்று வேறு மாதிரி கேட்கிறேன்.

கேரி பெக்கர் 1964-இல் மனித மூலதனம் பற்றி எழுதிய நூலில் இதன் இன்னொரு முகம் இருக்கிறது. எங்கும் செல்லுபடியாகும் திறனை ஊழியருக்குக் கற்றுத்தரும் நிறுவனம், அவர் வெளியே போனால் போட்ட பணத்தை இழக்கும். அதனால் அத்தகைய பயிற்சியின் செலவைக் குறைந்த சம்பளமாக ஊழியரே ஏற்க நேரும் என்றார். தனியார் நிறுவனங்களில் பயிற்சிக்குப் பதிலாகக் கையெழுத்து வாங்கும் 'பாண்ட்' இந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான். அரசு அலுவலகத்தில் பணம் போகாது. ஆள் போவார். மாறுதல் ஆணை வந்தும் 'ரிலீவ்' செய்யாமல் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்ட நல்ல ஊழியர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்.

இதை அறிந்தவர் தன் திட்டத்தை வேறு விதமாக எழுதுவார். என்னிடம் ஆலோசனை கேட்ட இளையவர்களுக்கு நான் சொல்லி வந்ததை அப்படியே சொல்கிறேன். முதலில், மதிப்பீட்டுக் காலத்தில் போய் நிற்காதீர்கள். அறிக்கை எழுதும் மாதங்களை விட்டு விலகி, வேலை சற்று இளைத்த ஒரு நாளில், அறிக்கைக்காக வரவில்லை என்று சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். கையில் ஒரு பக்கத் தாள் இருக்கட்டும். அதில் இரண்டு ஆண்டில் நான் தனியாகச் செய்ய விரும்பும் வேலை எது, அதற்கு இப்போது எனக்கு வராதது எது, அதைக் கற்க இந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு, எந்தச் சீட், யாருடைய பக்கம் எனக்கு வேண்டும் என்று எழுதுங்கள். நான்காவதாக ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான் நகர்ந்தால் இந்த வேலையை யார் பார்ப்பார், அவருக்கு நான் எப்போதிருந்து கற்றுக்கொடுக்கிறேன் என்பதையும் எழுத வேண்டும். மேலதிகாரியின் இழப்புக்கு நீங்களே பதில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், பேச்சின் தொனியே மாறிவிடுகிறது.

எழுதி வைப்பதில் பலன் உண்டா என்றால், அமெரிக்காவின் சிக்மா சை அறிவியல் கழகம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட பெரிய கணிப்பு ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலேயே வழிகாட்டியோடு சேர்ந்து எழுத்தில் திட்டம் போட்டவர்கள் அதிக மனநிறைவோடும், வழிகாட்டியோடு குறைவான பிணக்கோடும் இருந்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளும் அதிகம் அனுப்பினார்கள். திட்டம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. திட்டம் போட உட்காரும் வழிகாட்டி இயல்பிலேயே நல்ல வழிகாட்டியாக இருக்கலாம். ஆனால் எதிர்பார்ப்பை இருவரும் ஒரே தாளில் பார்ப்பது பிணக்கைக் குறைக்கும் என்பதை நான் அனுபவத்தில் நம்புகிறேன்.

*

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை 'மிஷன் கர்மயோகி' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஐந்து ஆண்டுக்கு 510.86 கோடி ரூபாய், சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்கள், ஐகாட் என்ற இணையத் தளத்தில் வகுப்புகள். ஒவ்வொரு பணிக்கும் என்ன திறன் வேண்டும் என்று வகுத்து, அதற்கேற்ப ஆளைத் தயார்செய்வது நோக்கம். தொலைதூர ஊரில், பயிற்சிக்கு அனுப்ப ஆளில்லாத அலுவலகத்தில் இருக்கும் ஒரு எழுத்தருக்கு இரவு வீட்டில் உட்கார்ந்து படிக்க ஒரு வழி கிடைத்தது என்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

எனக்குக் கவலை, எதை எண்ணுகிறார்கள் என்பதில். சான்றிதழை எண்ணுவது எளிது. சான்றிதழ் வாங்கியவருக்கு அதற்குப் பிறகு சீட் மாறியதா, கற்றது சார்ந்த ஒரு கோப்பாவது கையில் வந்ததா என்று எண்ணுவது கடினம். 2012-ஆம் ஆண்டின் தேசியப் பயிற்சிக் கொள்கை இதை அப்போதே சரியாகப் பார்த்திருந்தது. தன் கீழ் வேலை பார்ப்பவர்களின் பயிற்சிக்கு நேரடி மேலதிகாரியே பொறுப்பு, அவரே பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. மிக நல்ல வரி. அதை ஒரு மேலதிகாரியின் சொந்த மதிப்பீட்டில் மதிப்பெண்ணாக ஏற்றும்வரை, என் முதல் கண்காணிப்பாளர் போன்றவர்கள் தபாலைத்தான் காப்பாற்றுவார்கள். இத்தனை பேரை அடுத்த படிக்குத் தயார்செய்தேன், இவர்கள் இன்ன வேலையை இப்போது தனியாகச் செய்கிறார்கள் என்று அவர் எழுதிக்காட்ட ஒரு இடம் வேண்டும். அது அவருக்குக் கணக்கில் வர வேண்டும்.

இந்தப் பேச்சு முழுவதும் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கே பொருந்துகிறது என்பது எனக்குத் தெரியும். அதே அறையில் உட்கார்ந்து அதே கோப்பைக் கணினியில் ஏற்றும் ஒப்பந்தப் பணியாளருக்கு இரண்டாவது வரியும் இல்லை, முதல் வரியும் இல்லை. அவருக்குச் சம்பளம் தருபவர் வேறு, வேலை வாங்குபவர் வேறு. வளர்ச்சிக்குப் பொறுப்பு யாரிடம் என்ற கேள்வியை அவர் யாரிடம் போய்க் கேட்பார்? கணினி இயக்குபவராகச் சேர்ந்து பத்து ஆண்டு ஒரு பையன் அதே மேசையில் இருந்தான். அலுவலகம் முழுவதும் சந்தேகம் கேட்க அவனிடம்தான் போனது. அவனுக்கு என்று ஒரு தாள் எழுத யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

*

மேலதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவரோடு பேசி ஒரு வழி பிறக்கும்போது அவருக்கு மாறுதல் வந்துவிடும். நம் அலுவலகங்களில் பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒரு ஒழுங்கு உண்டு. ரொக்கப் புத்தக இருப்பு, காசோலைப் புத்தகம், முத்திரைகள், பீரோ சாவி, நிலுவைக் கோப்புகள், மேசை நாற்காலி வரை பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுவார்கள். யாருக்கு என்ன கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தோம் என்று அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

என்னைப் பில் சீட்டில் உட்காரவைத்த கண்காணிப்பாளருக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் மாறுதல் வந்தது. டிசம்பர் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. புதிதாக வந்தவரிடம் சாவிகளை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி முடித்த பிறகு, கிளம்பி வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். என் மேசையைக் காட்டி அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"சார், இந்தப் பிள்ளை டிசம்பர்ல அக்கவுண்ட் டெஸ்ட் எழுதுது. அதுவரைக்கும் மதியத்துல பில் சீட்டவிட்டு எடுத்துடாதீங்க. தபாலுக்கு இன்னொருத்தனைப் பழக்கி வச்சிருக்கேன்."